குர்துபாவில் எழுந்த யூத வேதக் கல்விக்கூடம்



ஒரு சமுதாயம் ஓர் ஊரில் பெருகும்போது முதலில் வீடுகளும் கடைகளும் பெருகுகின்றன. அடுத்து வழிபாட்டிடம் எழுகிறது. அறிஞர்களை உருவாக்கும் கல்விக்கூடமோ பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதுவரை அச்சமுதாயம் தன் மார்க்கக் கேள்விகளுக்குத் தொலைதூரத்தையே எதிர்பார்த்து நிற்கிறது. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில், அதாவது அந்தலூஸில், யூதர்கள் இந்நிலையைக் கடந்த வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

பக்தாதை நோக்கிய கேள்விகள்

முஸ்லிம்கள் ஸ்பெயினில் கால்பதிப்பதற்கு முன்னர் அங்கு ஆண்ட விசிகோத் மன்னர்களின் கீழ் யூதர்கள் பெருந்துன்பத்திற்கு ஆளாயினர். கி.பி. 694இல் துலைதுலா (டொலீடோ) நகரில் கூடிய சபை அவர்களை அடிமைகளாக்கவே தீர்மானித்தது. கி.பி. 711க்குப் பின் அந்நிலை மாறிற்று. ஜிஸ்யா வரி செலுத்தும் திம்மிகளாக அவர்கள் தம் மார்க்கத்தைப் பின்பற்றி வாழ்ந்தனர். வணிகத்திலும் மருத்துவத்திலும் முன்னேறினர். குர்துபா, லூஸேனா, கிரனாடா முதலிய ஊர்களில் அவர்களது குடியிருப்புகள் வளர்ந்தன.

ஆனால், தல்மூத் எனும் அவர்களது சட்டத் தொகுப்பில் தேர்ந்தோர் அங்கு அரிதாகவே இருந்தனர். ஸூரா, பும்பதிதா என்னும் பெயர் பெற்ற இரு பெரும் கல்விக்கூடங்கள் இராக்கில் இருந்தன. அவற்றின் தலைவர்களுக்குக் கேள்விகளை எழுதி, காணிக்கையும் சேர்த்து வணிகர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் கடிதம் கடலையும் பாலைவனத்தையும் கடந்து சென்று, அதே வழியில் பதில் திரும்ப வேண்டும். யூதர்களின் ஆண்டு சந்திர மாதங்களைக் கொண்டது. பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பர். இந்தக் கணக்கிற்கும், பண்டிகை நாட்களை அறிவதற்கும்கூட பக்தாதையே அவர்கள் சார்ந்திருந்தனர்.

அரசவை மருத்துவரின் முயற்சி

ஹிஜ்ரி 316இல் (கி.பி. 929) குர்துபாவின் ஆட்சியாளர் மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்நாஸிர் தம்மைக் கலீஃபாவாக அறிவித்தார். அவரது அவையில் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் எனும் யூத மருத்துவர் பெருமதிப்புடன் விளங்கினார். பைஸாந்தியப் பேரரசர் அனுப்பிய தியோஸ்கோரிதஸின் மூலிகை நூலை அரபியில் தெளிவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். அண்டை நாட்டுத் தூதுவர்களுடன் பேசும் பொறுப்பும் அவரிடம் இருந்தது.

அந்நாஸிருக்குப் பின் ஆட்சிக்கு வந்த இரண்டாம் ஹகம் (கி.பி. 961–976) நூல்களின் மீது தீராத வேட்கை கொண்டவர். அவரது நூலகத்தில் 4,00,000 நூல்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இத்தகைய சூழலில் ஹஸ்தாய், கிழக்கிலிருந்து யூத மார்க்க நூல்களை வரவழைத்தார். அந்தலூஸ் யூதர்களுக்கு அவர்களது சட்டக் கல்வியின் வாயிலைத் திறந்தவர் அவரே என்றும், அதன் பின் பக்தாதின் தயவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்றும் ‘தபகாத்துல் உமம்’ நூலில் குறிப்பிடுபவர் யார் தெரியுமா? துலைதுலா நகரின் முஸ்லிம் காழி ஸாஇத் அல் அந்தலூஸி (இறப்பு கி.பி. 1070) அவர்கள்தாம். பிற சமுதாயத்தவரின் கல்வி முயற்சியை ஒரு காழி நடுநிலையோடு பதிவு செய்திருப்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது அறிவிப்பு

கி.பி. 1161இல் ஆபிரகாம் இப்னு தாவூத் எனும் யூத அறிஞர் எழுதிய வரலாறு வேறொரு செய்தியைக் கூறுகிறது. குர்துபாவின் கடற்படைத் தலைவர் ஒரு கப்பலைப் பிடித்தார். அதில் அறிஞர்கள் நால்வர் இருந்தனர். அவர்களில் ஒருவரான மோசே பென் ஹனோக் குர்துபாவில் விற்கப்பட்டார். யூதர்கள் அவரை யாரென அறியாமலேயே விலை கொடுத்து மீட்டனர். கந்தல் உடையுடன் அவர் கல்விக்கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். அங்குப் பாடம் நடத்திய நாதான் எனும் நீதிபதி ஒரு சட்டத்தில் தடுமாறியபோது, இவர் எழுந்து விளக்கினார். உடனே நாதான், இனி இவரே எனக்கு ஆசிரியர் எனக் கூறி நீதிபதிப் பொறுப்பிலிருந்து விலகினார். கைதியின் மதிப்பை அறிந்த கடற்படைத் தலைவர் விற்பனையை ரத்துச் செய்ய முயன்றார். கலீஃபா அதை அனுமதிக்கவில்லை.

இவ்வறிவிப்பை அப்படியே ஏற்க முடியாது. நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இது எழுதப்பட்டது. அந்நால்வரில் ஒருவராகக் கூறப்படும் ஹுஷியேல் தம் விருப்பத்தின் பேரிலேயே கைரவானுக்கு வந்தார் என்பது, கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த அவரது கடிதத்தால் தெரிய வருகிறது. எனினும், மோசேயும் அவருக்குப் பின் அவர் மகன் ஹனோக்கும் குர்துபாவில் கல்விப் பணி ஆற்றியது உண்மை. ஆக, அறிஞர், நூல், புரவலர், ஆட்சியின் அனுமதி ஆகிய நான்கும் ஒன்றுகூடியதால் அக்கல்விக்கூடம் எழுந்தது எனலாம்.

விளைவும் வீழ்ச்சியும்

ஹனோக்கிடம் பயின்ற ஸாமுவேல் இப்னு நக்ரீலா பின்னர் கிரனாடாவின் அமைச்சரானார். குர்துபா உள்நாட்டுப் போரில் சீரழிந்தபின் கல்வியின் மையம் லூஸேனாவுக்கு இடம்பெயர்ந்தது. ஃபெஸ் நகர அறிஞர் இஸ்ஹாக் அல்ஃபாஸி அங்குத் தலைமை ஏற்றார், கி.பி. 1103இல் அவர் மறைந்தபின் அவரது மாணவர் யூசுஃப் இப்னு மிகாஷ் தொடர்ந்தார். இப்னு மிகாஷின் மாணவர் மைமூன்; மைமூனின் மகனே புகழ்பெற்ற மூஸா இப்னு மைமூன்.

கசப்பான பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கி.பி. 1066இல் கிரனாடாவில் யூதர்கள் பலர் கொல்லப்பட்டனர். கி.பி. 1148இல் குர்துபாவைக் கைப்பற்றிய முவஹ்ஹிதுகள் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் மார்க்கத்தை விடும்படி வற்புறுத்தினர், கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்னும் அல்பகரா அத்தியாயத்தின் கட்டளைக்கு (2:256) இது முற்றிலும் முரணானது. இவ்வாறு ஊரைத் துறந்தவர்களில் ஒருவரே மூஸா இப்னு மைமூன். அவருக்கு எகிப்தில் அடைக்கலமும், ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் அல்காழி அல்ஃபாழிலின் ஆதரவும் கிடைத்தன. அவரது ‘தலாலத்துல் ஹாயிரீன்’ அரபி மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது.

ஒரு கல்விக்கூடம் எழத் தலைமுறைகளின் உழைப்பு வேண்டும். அதை மூட ஓர் ஆட்சியாளரின் ஆணை போதும். தன் கேள்விக்குத் தானே விடை காணும் தகுதியை ஒவ்வொரு சமுதாயமும் தேடிக்கொள்ள வேண்டும். அதிகாரம் கையில் இருப்போர், பிறர் அத்தகுதியைத் தேடும்போது குறுக்கே நிற்காதிருப்பதே நீதியாகும். குர்துபா இவ்விரண்டையும் நமக்குக் கற்றுத் தருகிறது.