பெயரற்ற நிலக்காட்சிகள்: பிளெமிய அச்சோவியத்தில் பதிப்பாளரின் பங்கு

பிளெமிய நிலக்காட்சி அச்சோவியம் தனி வகையாக உருப்பெற்றதில் ஓவியரைப் போலவே பதிப்பாளருக்கும் பங்குண்டு. ஆண்ட்வெர்ப் நகரில் ‘நான்கு காற்றுகள்’ என்னும் பதிப்பகத்தை நடத்திய ஹிரோனிமஸ் காக், 1555ஆம் ஆண்டையொட்டிப் பீட்டர் புருகேலின் ‘பெரிய நிலக்காட்சிகள்’ தொகுதியை வெளியிட்டார். ஆல்ப்ஸ் மலைப் பயணத்தின் தாக்கம் பெற்ற அவற்றில், உயரத்திலிருந்து நோக்கும் பரந்த வெளி விரிகிறது.

1559, 1561 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ‘சிறிய நிலக்காட்சிகள்’ இதற்கு மாறானவை. பிரபாண்ட் பகுதியின் குடிசைகளும் பண்ணைகளும் ஊர்ப்பாதைகளும் அவற்றில் பார்ப்பவரின் கண்மட்டத்தில் அமைந்துள்ளன. சமயக் கதையின் துணையின்றி ஊரே பாடுபொருளாயிற்று. காட்சிகள் நேரில் கண்டு வரையப்பட்டவை என முதல் தொகுதியின் தலைப்பு அறிவித்தது; வரைந்தவரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

செப்புத் தகட்டின் மெழுகுப் பூச்சைக் கீறி, கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்யும் முறையில் வான் டூட்டெகும் சகோதரர்கள் இவற்றை உருவாக்கினர். 1570இல் காக் மறைந்த பின்னரும் தகடுகள் பயன்பட்டன. 1601இல் மறுபதிப்பு வெளியிட்ட பிலிப்ஸ் காலே, கொர்னேலிஸ் கோர்ட்டை அவற்றின் ஓவியராகக் குறித்தார். 1612இல் ஆம்ஸ்டர்டாமில் நகல்களை வெளியிட்ட கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர், புருகேலைக் குறித்தார். வரைந்தவர் யாரென்பது இன்றும் உறுதிப்படவில்லை. எனவே, அச்சோவியத்தில் காணப்படும் பெயரைப் படைப்பாளிக்குரிய சான்றாகக் கொள்ளுமுன், அது எப்பதிப்பில் யாரால் சேர்க்கப்பட்டது என ஆராய்தல் இன்றியமையாதது.