கவலைச் சாலிலிருந்து கைபேசி ஸ்டார்ட்டர் வரை: கொங்குக் கிணறுகளில் மின்சாரம்

1972-இல் கோவை நகரச் சாலைகளை மாட்டுவண்டிகள் அடைத்து நின்றன. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த உழவர்களின் கோரிக்கை மின்கட்டணத்தைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த வேளாண் மின்கட்டணத்தை அரசு 10 பைசாவாக உயர்த்தியபோதே போராட்டம் வெடித்திருந்தது. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் இறந்தார்கள். கட்டணத்தில் ஒரு பைசா குறைந்தது.

இந்தப் போராட்டங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் அரசியலையே எழுதியிருக்கிறார்கள். என் கண்ணில் படுவது அந்த மாடுகள். ஒரு தலைமுறைக்கு முன் இதே ஊர்களில் மாடுகள்தான் தண்ணீர் இறைத்தன. அந்த வேலையிலிருந்து அவற்றை விடுவித்தது மின்சாரம். அந்த மின்சாரத்துக்காகவே அவை இப்போது வண்டியில் பூட்டப்பட்டு நகரத்துக்கு வந்திருந்தன. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் கொங்குநாட்டுக் கிணற்றைச் சுற்றி என்ன நடந்தது, அதற்குப் பின் என்ன ஆனது என்பதைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் வேலை. என் வாதம் சுருக்கமானது: பம்புசெட்டு தண்ணீரை மட்டும் மேலே கொண்டுவரவில்லை. ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தை மாட்டின் உடம்பிலிருந்து எடுத்து மின்கம்பியிடம் கொடுத்தது.

மாட்டின் மூச்சு

கோவை வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி. ஆற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் சில இடங்களுக்கே வாய்த்தன. மற்ற இடங்களில் பாறையை வெட்டி இறக்கிய கிணறுதான் கதி. மானாவாரி நிலம் காடு, கிணறு உள்ள நிலம் தோட்டம் என்ற கொங்குப் பேச்சுவழக்கே நிலத்தின் மதிப்பைத் தண்ணீரை வைத்து அளக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பரவிய கம்போடியா பருத்தி இந்தக் கிணற்றுத் தோட்டங்களை நம்பியே வளர்ந்தது. தமிழகக் கிராமப் பொருளாதாரத்தை 1880 முதல் 1955 வரை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பேக்கர், ஆற்றுச் சமவெளியிலிருந்து கொங்குநாட்டைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக இந்தக் கிணற்று உழவைக் காண்கிறார்.

மற்ற வட்டாரங்களில் கமலை என்பதைக் கொங்கில் கவலை என்பார்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் வாரியில் ஒரு சோடி மாடு நடக்கும். வடத்தின் மறுமுனையில் சால். சாலின் அடியில் தோலால் தைத்த தும்பி. மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவருடைய எடையும் இழுவைக்குச் சேரும். சால் மேலே வந்ததும் வால்கயிற்றின் இழுப்பில் தும்பி விரிந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னுக்கு நடந்து மேடேற வேண்டும். இதில் தேர்ந்த மாடுகள் வேண்டும், அவற்றின் அடியை அறிந்த ஆளும் வேண்டும். காங்கயம் இனம் பெயர் பெற்றதில் வண்டிக்கு உள்ள பங்கு கவலைக்கும் உண்டு. அவற்றை வளர்க்கக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம், அதைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் என்று ஒரு நிலப்பயன்பாடே உருவாகியிருந்தது.

விடிவதற்கு முன்பே கவலை பூட்டுவார்கள். வெயில் ஏறினால் அவிழ்த்துவிடுவார்கள். மாட்டுக்கு ஓய்வு என்பது வெளிப்படையான காரணம். அந்த இடைவெளியில் கிணறும் ஊறிக்கொள்ளும். பாறை வெடிப்பில் கசியும் நீர் கிணற்றில் சேர எடுக்கும் நேரமும், மாடு இளைப்பாறத் தேவையான நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போயின. யாரும் இதைத் திட்டமிடவில்லை. இதைச் சிக்கன அறிவு என்று இன்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. கூடுதலாக எடுக்க வழி இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள். வழி இல்லை, அவ்வளவுதான்.

புகழத் தயங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தோல் தைத்துக் கொடுத்தவர்களும் பல பண்ணையங்களில் மாடு ஓட்டியவர்களும் அருந்ததியர்கள், கொங்கு வழக்கில் மாதாரிகள். கூலியாகத் தானியமும், ஆண்டுக்கணக்கில் ஒரே பண்ணையத்தோடு கட்டுப்பட்ட வாழ்வும் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த உலகத்தின் சிறுவர்களைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் காட்டுகிறது. ஏற்றப்பாட்டின் இனிமையை எழுதும் நாட்டுப்புறவியல் நூல்கள், அதைப் பாடியவரின் கணக்கு வழக்கை எழுதத் தவறிவிடுகின்றன.

மலையிலிருந்து இறங்கிய கம்பி

மாட்டுக்கு மாற்று தேடும் முயற்சி மின்சாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னை மாகாணத்தின் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சின்களைக் கிணற்றடிக்குக் கொண்டுவர முயன்றார். நீரிறைப்புப் பாசனம் பற்றி 1912-இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஆனால் எஞ்சின் விலை, எரிபொருள், பழுது பார்க்க ஆள் என எல்லாமே சிறு உழவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தன.

நிலைமையை மாற்றியது பைக்காரா. 1927-இல் மாகாண அரசு மின்துறையைத் தனியாக அமைத்தது. 1929-இல் நீலகிரியில் பைக்காரா ஆற்றில் வேலை தொடங்கி, 1932-இல் மின்னுற்பத்தி வந்தது. 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர் சிங்காராவில் சுழலிகளைச் சுற்றியது. முதல் பயனாளி கோவை. 1888 முதலே பஞ்சாலைகளைக் கண்டிருந்த ஊர் அது. மலிவான மின்சாரம் வந்ததும் 1930களில் ஆலைகள் மடமடவென்று எழுந்தன. 1937-இல் மேட்டூரிலும் 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் சேர்ந்தன.

ஆலைக்கு வந்த கம்பி ஏன் தோட்டத்துக்கும் போனது? நீர்மின் நிலையத்தைக் கட்டத்தான் பெருஞ்செலவு. கட்டிய பிறகு எவ்வளவு அதிகம் விற்கிறதோ அவ்வளவு லாபம். கம்பி போகும் வழியெல்லாம் வாங்குவோர் வேண்டும். வீட்டு விளக்குகள் மாலையில் மட்டும் எரிந்தன. கிணற்று மோட்டார்கள் பகலிலும் ஓடக்கூடியவை. காலனிய மின்துறை மின்சாரத்தை உழவருக்குக் கொடை என்று நினைத்திருக்க வேண்டிய தேவையில்லை. விற்காத சரக்குக்கு அது ஒரு சந்தை.

அந்தச் சந்தைக்கு வேண்டிய கருவி கோவையிலேயே பிறந்தது இந்தக் கதையின் தனிச்சிறப்பு. பேருந்துத் தொழிலில் பெயர் பெற்ற ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உருவாக்கிய மோட்டாரை இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் என்று குறிப்பிடுவது வழக்கம். ஆலை இயந்திரங்களுக்கு உதிரி வார்த்த பட்டறைகள் பம்பு வார்க்கத் தொடங்கின. தெருவுக்கு ஒரு பவுண்டரி, ஊருக்கு ஒரு காயில் கட்டும் கடை. அதே மோட்டார் சற்றே சிறிதாகி 1950களில் ஆட்டுக்கல்லின் அடியில் போய் உட்கார்ந்ததும் கிரைண்டர் பிறந்தது. வயலில் ஆண்களுக்கு நடந்தது அடுப்படியில் பெண்களுக்கு நடக்க இருபது ஆண்டுகள் தாமதமாயிற்று என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

சர்வீஸ் வாங்கிய குடும்பங்கள்

1957 ஜூலையில் மின்வாரியம் அமைந்த பிறகு கிராம மின்மயமாக்கம் வேகமெடுத்தது. அன்று தலைமை தாங்கிய பொறியாளர்களில் வி.பி. அப்பாதுரை போன்றவர்கள் கிணற்றுப் பாசனத்துக்கே முதலிடம் தந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஆயிரங்களில் எண்ணப்பட்ட மின்பம்புசெட்டுகள் இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஒரு சிறு கணக்கு. ஒரு சோடி மாடு தொடர்ந்து தரும் திறன் ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. அதுவும் சில மணி நேரம்தான். ஐந்து குதிரைத்திறன் மோட்டார், திறனில் பாதி வீணானாலும், 20 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு 30 ஆயிரம் லிட்டருக்கு மேல் தூக்கும். களைக்காது, தீவனம் கேட்காது. கவலையில் வாரம் முழுதும் பாய்ந்த தோட்டம் ஒரே பகலில் பாய்ந்தது.

இதன் விளைவுகள் வயலோடு நிற்கவில்லை. தும்பி தைக்கும் வேலை ஒரே தலைமுறையில் மறைந்தது. கவலை ஓட்ட ஆண்டுக்கணக்கில் ஆள் வைத்துக்கொள்ளும் தேவை குறைந்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து கோவைக் கிராமங்களை ஆராய்ந்த ஜூடித் ஹேயர், பண்ணையாள் முறை தளர்ந்ததைப் பதிவு செய்கிறார். அதற்குத் தொழிற்சாலை வேலையும் ஒரு காரணம், மோட்டார் மட்டும் அல்ல. தளர்ச்சியை விடுதலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. நிலம் இல்லாதவருக்கு சர்வீஸ் என்ற மின் இணைப்பும் இல்லை. மின்சாரத்தால் மதிப்பு உயர்ந்தது தோட்டத்துக்குத்தான்; தோட்டமோ முன்பு யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது.

உழவர் குடும்பங்களின் உள்ளேயும் கோடுகள் மாறின. பாகப்பிரிவினையில் நிலத்தைப் பிரித்தாலும் கிணற்றைப் பொதுவில் வைத்து முறைபோட்டு இறைப்பது பழைய ஏற்பாடு. மோட்டார் வந்த பிறகு ஒரே கிணற்றில் அண்ணன் ஒரு பைப்பும் தம்பி ஒரு பைப்பும் இறக்கினார்கள். யார் முதலில் சுவிட்சைப் போடுகிறாரோ அவருக்குத் தண்ணீர். கூட்டுக் கிணறுகளில் மூண்ட இத்தகைய பூசல்களையும் போட்டிபோட்டு ஆழப்படுத்துவதையும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஜனகராஜன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

மிச்சமான நேரமும் பணமும் எங்கே போயின? ஒரு பகுதி திருப்பூருக்குப் போனது. பின்னலாடைத் தொழிலில் முதலாளிகளான கவுண்டர் உழவர்களைப் பற்றி ஷரத் சாரி 2004-இல் எழுதிய நூல், தோட்டத்து உழைப்பின் பெருமையையே அவர்கள் தொழிலிலும் சொல்லிக்கொண்டதைக் காட்டுகிறது. ஆனால் அவர்கள் விட்டுவந்த தோட்டத்தில் அப்போது ஓடியது மோட்டார்.

ஒரு பைசாவின் அரசியல்

கவலை இருந்தவரை உழவருக்கும் அரசுக்கும் நேரடித் தொடர்பு கிஸ்தி கட்டும் நாளில்தான். மின்சாரம் அந்தத் தொடர்பை அன்றாடமாக்கியது. கணக்கெடுக்க ஆள் வந்தார், பில் வந்தது, கட்டாவிட்டால் பீஸைப் பிடுங்கினார்கள். வயலில் பயிர் வாடும்போது பீஸைப் பிடுங்குவது கழுத்தில் கைவைப்பதற்குச் சமம். வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்ட இயக்கத்தின் வலிமை இதில்தான் இருந்தது. சாதி, கட்சி, நிலத்தின் அளவு என்று பிரிந்து கிடந்தவர்களை ஒரே கம்பி இணைத்திருந்தது. அந்த அளவில் மின்வாரியமே தெரியாமல் ஓர் உழவர் சங்கத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

1984-இல் சிறு உழவர்களுக்குக் கட்டணம் நீங்கியது. மற்றவர்களுக்கு மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து ஆண்டுக் கட்டணம். 1990ஐ ஒட்டி எல்லா உழவர்களுக்கும் இலவசமானது. ஓடிய யூனிட்டைக் கணக்கெடுக்கும் தேவை இல்லாமல் போனது.

விலை போன இடத்தில் நேரம் வந்து உட்கார்ந்தது. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறைவைத்து வந்தது. எப்போது கரண்ட் வரும் என்பதே வீட்டின் கடிகாரம் ஆயிற்று. நள்ளிரவில் டார்ச் லைட்டோடு தண்ணி கட்டப் போனவர்கள் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தார்கள். மனைவியை எழுப்பி மடை மாற்றச் சொன்னார்கள். புட்வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட, வோல்டேஜ் இறங்கி காயில் எரிந்தது. அதற்குத் தீர்வாகக் கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பரவியது. இரவில் தூங்கலாம், தண்ணீர் மடை உடைத்துப் பாயலாம். இலவசத்தைக் குறைகூறும் நகரத்துக் கட்டுரைகளில் இந்த இரவு நடை வருவதே இல்லை.

கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

மேலே வைத்த மையவிலக்குப் பம்பு ஏழு எட்டு மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வளிமண்டல அழுத்தம் விதிக்கும் எல்லை அது. தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கினார்கள். கிணற்றை வெடிவைத்து ஆழப்படுத்தினார்கள். பக்கவாட்டில் துளைபோட்டார்கள். பிறகு போர்வெல், கம்ப்ரசர், நீர்மூழ்கி மோட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் உள்ளூர்ப் பாறையில் பழகிய கையோடு இந்தியா முழுதும் துளையிடப் போயின. ஒரு வட்டாரத்தின் பற்றாக்குறை ஏற்றுமதித் தொழிலான விசித்திரம் இது.

2017 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 462 நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தவை. போர்வெல் தவறினால் கடன் மட்டும் மிஞ்சும். தாங்கியவர்கள் தென்னைக்கு மாறினார்கள், ஆள் குறைவாகக் கேட்கும் பயிர் அது. சொட்டுநீர்க் குழாய்கள் வந்தன. காங்கயம் மாடுகள் குறைய, கொறங்காடுகள் மனைகளாயின.

இப்போது மோட்டாருக்கு சிம் கார்டு இருக்கிறது. திருப்பூரில் வேலை செய்பவர் தோட்டத்து ஸ்டார்ட்டருக்கு அழைத்தால், மூன்று பேஸும் இருக்கிறதா என்று அது குரலில் சொல்லும். எண்ணை அழுத்தினால் ஓடும். இந்தக் கருவிகளில் உழவர்கள் தவறாமல் கேட்டு வாங்கும் வசதி ஒன்று உண்டு. தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே ஓடினால் அதுவே நின்றுவிட வேண்டும், சற்று நேரம் கழித்துத் தானே ஓட வேண்டும். எத்தனை நிமிடம் கழித்து என்பதை வாங்குபவர்தான் அமைக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கு இருபது நிமிடம், இன்னொன்றுக்கு இரண்டு மணி நேரம். கவலை காலத்தில் சால் பாதியாக மேலே வந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு, கிணறு ஊறும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நேரம் மனப்பாடம்.