ஆசிரியர் பெயர் உண்டு, அரசன் பெயர் இல்லை: குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் மகேந்திரன் வாசிப்பும்

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில் இருக்கும் இசைக் கல்வெட்டை வெட்டுவித்தவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் என்பது பள்ளிப் பாடநூல் வரை சென்று சேர்ந்துவிட்ட செய்தி. கல்வெட்டில் அவன் பெயர் இல்லை. பல்லவர் குலப்பெயரோ ஆட்சியாண்டோ விருதுப் பெயரோ இல்லை. இல்லாத ஒரு பெயர் எப்படி வந்து சேர்ந்தது, எந்தச் சான்றுகளின் மேல் அது நிலைபெற்றது என்பதைத் தொடர்ந்து பார்த்து, அந்த வாசிப்பை ஏற்க முடியாமைக்கான காரணங்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வெட்டு 1904இல் படியெடுக்கப்பட்டது. பி. ஆர். பண்டார்க்கர் அதை எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் (1913-14) பதிப்பித்து, எழுத்தமைதி கொண்டு 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்றார். பல்லவ கிரந்த எழுத்து, சிவ வணக்கத்தோடு தொடங்குகிறது, ஏழு பகுதிகள். மத்திமகிராமம், சட்சகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்ற ஏழு கிராமராகங்களுக்கும் தனித்தனியே சுரவரிசைகள். ஒரு வரிக்குப் பதினாறு தொகுதிகள், தொகுதிக்கு நான்கு சுரங்கள். இவை அறிந்த செய்திகளே. பலர் விரைந்து கடந்துபோகும் இடம் கல்வெட்டின் முடிவுரை; நான் நிற்க விரும்புவதும் அங்கேதான்.

முடிவுரையின் வடமொழிப் பகுதி சொல்வது இவ்வளவு: உருத்திராசாரியரின் மாணவனும் பரம மாகேசுவரனுமான அரசனால், மாணாக்கர் நலன் கருதி, இந்தச் சுர ஆகமம் செய்யப்பட்டது. அதன்பின் ஒரே ஒரு தமிழ் வரி: “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய.”

மகேந்திரன் வாசிப்பைத் தமிழக வரலாற்றெழுத்தில் ஆழப் பதித்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், பட்டம் 1936இல். பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய அவருடைய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகமே 1938இல் நூலாக வெளியிட்டது. அரச வம்ச வரிசையும் போர்களுமே வரலாறு என்றிருந்த காலத்தில் நீர்ப்பாசனம், கல்வி, கோயில், இசை, கூத்து என்று ஒரு சமூகத்தையே கல்வெட்டிலிருந்து எழுப்பிக் காட்டிய நூல் அது. 1940இல், முப்பத்தைந்து வயதை எட்டும் முன்பே அவர் மறைந்தது தமிழ்நாட்டு வரலாற்றாய்வுக்கு நேர்ந்த பேரிழப்பு. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்கள் பற்றிய அவருடைய ஆய்வு மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. அவரோடு நான் மாறுபடுவது இந்த ஒரு கல்வெட்டில்தான். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பே பின்வந்தவர்கள் மறுபடி கேள்வி கேட்காமல் போனதற்கும் காரணம் என்பதால், இந்த மறுப்புக்குச் சற்று அதிக இடம் தேவைப்படுகிறது.

மீனாட்சியின் வாதத்துக்கு அச்சாணி, மகேந்திரனின் விருதுப் பெயர்களுள் ஒன்றான சங்கீர்ணஜாதி. தாளத்தில் சங்கீர்ண வகையைக் கண்டவன் அவன் என்பதால் வந்த பெயர் அது என்று அவர் கொண்டார். இதற்குத் துணையாக இரண்டு செய்திகள் இந்த வாசிப்போடு எப்போதும் வருவதுண்டு. சிதைந்த மாமண்டூர்க் கல்வெட்டில் காணப்படும் இசை பற்றிய குறிப்பு ஒன்று. மகேந்திரன் சமணம் விட்டுச் சைவம் தழுவினான் என்ற மரபு மற்றொன்று. மத்தவிலாசப் பிரகசனம் எழுதிய கலைஞன், இசையறிந்தவன், சைவன், அரசன். அப்படியானால் பரம மாகேசுவரனான அந்த அரசன் இவனாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்பது வாதத்தின் போக்கு.

தாளத்துக்குத் திசிரம், சதுரச்ரம், கண்டம், மிச்சிரம், சங்கீர்ணம் என்ற ஐந்து ஜாதிகளை ஒழுங்குபட அமைத்த முறை 7ஆம் நூற்றாண்டுக்கு உரியது என்று காட்டச் சான்று இல்லை. அது பிற்காலத்தில் நிலைபெற்று, கருநாடக இசைப் பாடத்தின் அடிப்படையாக ஆனது. 1930களின் சென்னையை எண்ணிப் பார்க்க வேண்டும். மியூசிக் அகாதெமி 1928இல் தோன்றியிருந்தது. பல்கலைக்கழகத்தில் இசை ஒரு பாடமாக இடம்பெற்ற காலம். தாள ஜாதிகள் ஐந்தும் படித்தவர் வீடுகளில் பழகிய பேச்சு. அந்தப் பழக்கம் கல்வெட்டின் மேல் ஏறியிருக்கிறது என்பதே என் எண்ணம். பரத முனிவரின் நாட்டியசாத்திரத்தில் ஜாதி என்பது பண்ணுக்கு முந்திய ஓர் இசை அமைப்பு; அவற்றுள் தூயவை ஏழு, கலப்பால் பிறந்தவை பதினொன்று. மகேந்திரனின் விருது இசையைக் குறித்தது என்றே வைத்துக்கொண்டாலும், இந்தப் பழைய பொருளில்தான் அதை முதலில் தேட வேண்டும்.

இதைவிட வலுவான தடை ஒன்று கல்வெட்டுக்குள்ளேயே இருக்கிறது. குடுமியான்மலைக் கல்வெட்டில் ஜாதிகள் இல்லை. இருப்பவை கிராமராகங்கள், அதே ஏழின் பட்டியல் நாரதீய சிட்சையிலும் வருகிறது. சங்கீர்ண தாளமும் இல்லை. சுரங்கள் நந்நான்காகவே தொகுக்கப்பட்டுள்ளன. சங்கீர்ணத்துக்குரிய ஒன்பதின் அடுக்கு எங்கும் காணோம். தாளத்தில் சங்கீர்ணம் கண்ட பெருமையை விருதாகச் சூடிய ஓர் அரசன், தன் இசை இலக்கணத்தைப் பாறையில் வெட்டுவித்தபோது அந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை என்று கொள்ள வேண்டிவரும். விருதையும் கல்வெட்டையும் இணைக்கும் பாலம் இந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. மாமண்டூர்ச் சான்று அவன் கலையார்வத்தைக் காட்டலாம். குடுமியான்மலைக்கு அது அவனைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. பரம மாகேசுவரன் என்ற அடைமொழியோ அந்தக் காலத்துச் சைவ அரசர் எவர்க்கும் பொருந்தும்.

இடத்தைப் பார்ப்போம். மகேந்திரன் தன் குடைவரைகளில் பெயரையும் விருதுகளையும் வரிசையாகப் பொறித்துச் செல்பவன். மண்டகப்பட்டிலும் பல்லாவரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் அதுவே வழக்கம். தெற்கே அவன் கல்வெட்டோடு கூடிய குடைவரை திருச்சிராப்பள்ளியோடு நின்றுவிடுகிறது. காவிரிக்குத் தெற்கே புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள பழைய சைவக் குடைவரைகளில் இலிங்கம் தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. மகேந்திரன் குடைவரைகளில் அது இல்லை. இந்த வேறுபாட்டைக் கருதியே கே. ஆர். சீனிவாசன் 1964இல் வெளியிட்ட பல்லவர் குடைவரைகள் பற்றிய நூலில் இப்பகுதிக் குடைவரைகளைப் பல்லவர் கணக்கில் சேர்க்கவில்லை. பாண்டியர், முத்தரையர் மரபோடு வைத்து எண்ணினார். பல்லவர் ஆதிக்கம் பின்னர் இங்கே எட்டியபோது கல்வெட்டு எப்படிப் பேசியது என்பதற்கு மலையடிப்பட்டி சான்று. தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையன் அந்தக் குடைவரையை எடுப்பித்தான் என்று அது தெளிவாகச் சொல்கிறது. வேந்தன் பெயர், ஆண்டு, செய்தவன் பெயர் எல்லாம் உண்டு. குடுமியான்மலை முடிவுரையில் இவற்றுள் எதுவுமே இல்லை.

குடைவரை ஒரு காலம், கல்வெட்டு வேறு காலம் என்று யாரும் சொல்லலாம். அதை மறுக்க என்னிடம் சான்றில்லை. ஆனால் மகேந்திரன் கட்சிக்கும் அது உதவாது. குடைவரையே பல்லவருடையதன்று என்றால், வேற்று அரசின் கோயில் பாறையில் ஒரு பல்லவன் தன் பெயரை மறைத்துக்கொண்டு எழுதினான் என்று வாதிட வேண்டிவரும்.

அந்தத் தமிழ் வரிக்கு வருகிறேன். எட்டு, ஏழு என்பவை நரம்புகளின் எண்ணிக்கை என்று கொள்வாரே மிகுதி. பரிவாதினி என்பது ஏழு நரம்பு வீணை என்று வடமொழி நிகண்டு சொல்லும். குடுமியான்மலைப் பாறையிலேயே பரிவாதினி என்ற சொல் தனியே பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் உரையாசிரியர்கள் செங்கோட்டியாழுக்குச் சொல்லும் நரம்பும் ஏழே. எட்டு எந்தக் கருவி என்பது தீரவில்லை. ஏழு என்பது ஏழு ராகங்களையே சுட்டுகிறது என்று கொண்டாலும் எட்டு என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும். இதில் முடிவுகட்ட நான் துணியேன். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று: வடமொழியில் ஏழு பகுதிகளையும் முடிவுரையையும் எழுதி முடித்தபின், பயன்பாட்டுக் குறிப்பை மட்டும் தமிழில் தர வேண்டிய தேவை அங்கே இருந்திருக்கிறது. கருவியைக் கையில் வைத்திருந்த மாணவருக்கு விளங்க வேண்டிய வரி அது. அரசவைக்காகவோ எதிர்காலப் புகழுக்காகவோ எழுதியவருக்கு இந்த வரி வேண்டியதில்லை. மாணாக்கர் நலன் கருதி என்ற தொடரை மங்கல வாய்பாடாக எண்ணித் தள்ளிவிடாமல், உள்ளபடியே எடுத்துக்கொள்ள இந்த வரி நம்மை வற்புறுத்துகிறது.

அந்த மாணாக்கர் எங்கே இருந்தார்கள்? குடுமியான்மலையோடு நின்றுவிட்டால் விடை கிடைக்காது. நச்சாந்துபட்டிக்கு அருகிலுள்ள மலையக்கோவில் குடைவரையிலும் பரிவாதினி பற்றிய பொறிப்பு உண்டு. குணசேனன் என்ற பெயர் அதில் வருகிறது. திருமயம் சைவக் குடைவரையிலும் இதே வகைப் பொறிப்பு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அதைச் செதுக்கி அழித்து அதன்மேல் வேறு கல்வெட்டு எழுதியதால் எஞ்சியிருப்பவை துணுக்குகளே. ஒரே நிலப்பகுதியில், ஒரே வகைக் குடைவரைகளில், ஒரே இசைக் கருவியைப் பற்றி மூன்று பொறிப்புகள். பல்லவர் நாடு என்று உறுதியாகச் சொல்லத்தக்க வடபகுதியில், காஞ்சியிலோ மாமல்லபுரத்திலோ, இதற்கு இணையான ஒன்றையும் நான் அறியேன். மகேந்திரனுக்குக் குணபரன் என்ற விருது இருப்பதால் குணசேனனையும் அவனாகவே காணும் போக்கு உண்டு. பெயரின் முன்பாதி ஒத்திருப்பதை வைத்து ஆளை அடையாளம் காண்பது ஆய்வு முறையாகாது. உருத்திராசாரியர் மரபில் வந்த இசையாசிரியர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் வாழ்ந்த பகுதி இது என்று கொள்வதே மூன்று பொறிப்புகளையும் ஒன்றாக விளக்கும் வழி. சான்று மெலிந்திருக்கிறது என்பதை ஒப்புகிறேன். ஆனாலும், கல்வெட்டில் இல்லாத அரசனை முன்னிறுத்துவதைவிட, பெயர் சொல்லி இருக்கும் ஆசிரியரிடமிருந்து தொடங்குவது கூடுதல் நேர்மையான வழி. அரசனே தன்னை இன்னாரின் மாணவன் என்ற அளவில்தான் அறிமுகம் செய்துகொள்கிறான். நாம் அதைப் புரட்டிப் போட்டு, ஆசிரியரை அரசனின் அடிக்குறிப்பாக்கிவிட்டோம்.

இதே மாவட்டத்தில் இதே அரசன் பெயரில் இன்னொரு திருத்தமும் நடந்திருக்கிறது. சித்தன்னவாசல் ஓவியங்கள் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிஞர் கவனத்துக்கு வந்தபோது அவையும் மகேந்திரன் காலத்தன என்றே பேசப்பட்டன. அங்குள்ள தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு, அவனிபசேகர சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்தான் என்று சொல்கிறது. அந்தப் பாண்டியன் 9ஆம் நூற்றாண்டினன். கல்வெட்டைப் படித்தபின் ஓவியங்களைப் பற்றிய பேச்சு மாறியது. அங்கும் நமக்குப் பெயர் தெரியவந்தது ஓர் ஆசிரியனுடையதுதான்.

இசைக் கல்வெட்டில் மட்டும் திருத்தம் ஏன் இவ்வளவு காலம் நடக்கவில்லை என்ற கேள்விக்கு ஆய்வு நடந்த முறையில் விடை தேட வேண்டும். புதுக்கோட்டை ஒரு சமஸ்தானமாக இருந்தவரை கல்வெட்டாய்வுக்கு அரசே செலவு செய்தது. அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது, கல்வெட்டு மூலங்கள் 1929இல் தனித் தொகுதியாக வந்தன, கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை வெளியானது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் அந்த உள்ளூர்ப் பதிப்பு முயற்சி அதே வேகத்தில் தொடரவில்லை. ஆய்வு பல்கலைக்கழகத் துறைகளுக்கு இடம் மாறியது, துறைகளோ தனித்தனி. வரலாற்று மாணவர் முடிவுரையைப் படித்தார், சுரங்களைத் தொடவில்லை. இசை மாணவர் சுரங்களைப் படித்தார், காலத்தை வரலாற்று நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். இசைப் பகுதியில் உண்மையிலேயே முன்னேற்றம் உண்டு: மைசூரில் ரா. சத்தியநாராயணா 1957இல் இதற்கென்றே நூல் எழுதினார். ரிச்சர்ட் விட்டெஸ் 1979இல் சுரவரிசைகளை ஓர் இசைக்குறியீட்டு முறையாக ஆராய்ந்தார். முடிவுரையின் அரசன் பற்றிய வாசிப்போ 1938இல் நின்ற இடத்திலேயே பெரும்பாலும் நிற்கிறது.

காலம் பற்றி நான் சொல்லத் துணிவது 7ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 8ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையில் என்ற அளவே. எழுத்தமைதியை வைத்து இதைவிடக் குறுக்க முடியவில்லை. ஒப்பிடுவதற்கு இப்பகுதியில் இவ்வளவு நீண்ட கிரந்தப் பொறிப்பு வேறு இல்லை. அரசன் பாண்டியனா, முத்தரையனா, கொடும்பாளூர் வேளிர் குடியினனா என்பது திறந்த கேள்வி. மகேந்திரன் அல்லவே அல்லன் என்று சாதிக்கவும் என்னால் ஆகாது. அவன்தான் என்று சொல்லக் கல்வெட்டில் இடமில்லை என்பதே என் நிலை. அடுத்துச் செய்ய வேண்டிய பணி தெளிவானது: மலையக்கோவில் பொறிப்பையும் திருமயத்தில் எஞ்சிய துணுக்குகளையும் குடுமியான்மலையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, மூன்றும் ஒரே தலைமுறைக் கையா என்று பார்க்க வேண்டும். கல்வெட்டு எழுத்து அறிந்தவரும் கிராமராகம் அறிந்தவரும் ஒரே படியின் முன் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.