கடல் இல்லாத புதிய பூமி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த ஊர் மயிலிட்டி. கடலை நம்பி வாழும் மக்களைப் பெருந்தொகையினராகக் கொண்டது இவ்வூர். இங்குச் சைவரும் உளர், கத்தோலிக்கரும் உளர். இத்தகைய கரையிற் பிறந்த கிறித்தவர் ஒருவர் தம் வேதத்தின் இறுதி நூலைத் திறந்து இருபத்தோராம் அதிகாரத்தைப் படிப்பராயின், அவர் ஓரிடத்தில் திகைத்து நிற்றல் இயல்பே. பழைய வானும் பழைய பூமியும் அகன்று புதியன தோன்றும் என்று கூறும் அந்நூல், அப்புதிய பூமியிலே கடல் இராது என்றும் கூறுகின்றது. வலை வீசி வாழ்வோனுக்குக் கடல் இல்லாத உலகம் எவ்வாறு இன்ப உலகமாகும்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வார்க்கு அந்நூலின் குறியீடுகளை உணரும் நெறியும் உடன் புலனாகும்.

அந்நூலைப் புரட்டஸ்தாந்தர் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்பர். கத்தோலிக்கர் முன்னர்க் 'காட்சியாகமம்' என்றனர். பின்னர்த் 'திருவெளிப்பாடு' என்றனர். கிரேக்க மூலப் பெயருக்குத் திரையை நீக்கிக் காட்டுதல் என்பது பொருள். தில்லையிலே திரை விலக்கிக் காட்டப்படும் இரகசியத்தை அறிந்தார்க்கு இப்பெயரின் நயம் எளிதில் விளங்கும். உரோமப் பேரரசன் தொமித்தியனது ஆட்சியின் இறுதியில், ஏறத்தாழக் கி.பி. 95 இல், யோவான் என்பார் ஆசியா மாகாணத்துத் திருச்சபைகள் ஏழுக்கு இதனை எழுதினர் என்பது ஆராய்ச்சியாளர் பலரது கொள்கை. அவர் தம் சமயத்தின் பொருட்டுப் பத்மு என்னும் சிறு தீவில் இருக்க நேர்ந்தது என்பதை நூலே கூறுகின்றது.

குறியீடு எதுவாயினும் அதனை ஆக்கியோனது மரபில் வைத்து நோக்குதல் முதல் நெறி. எபிரேய மரபிலே கடல் என்பது ஒழுங்குக்குப் பகையான ஆற்றல். தானியேல் கண்ட காட்சியில் நான்கு கொடிய விலங்குகள் கடலினின்றும் எழுகின்றன. சிரியாவின் கரையிலுள்ள உகாரித்து என்னும் பழநகரில் 1929 இல் தொடங்கிய அகழ்வினாற் கிடைத்த களிமண் ஏடுகள், கடலைத் தெய்வமாக உருவகித்து அதனோடு பாகால் பொருத கதையையும், ஏழு தலை கொண்ட பெரும்பாம்பின் கதையையும் தெரிவிக்கின்றன. யோவான் கண்ட விலங்கும் ஏழு தலையுடன் கடலிலிருந்தே எழுகின்றது. சிறுத்தையின் உடலும் கரடியின் காலும் சிங்கத்தின் வாயும் அதற்கு உள. தானியேலின் விலங்குகளை ஒன்றாகப் பிசைந்து அமைத்த உருவமே இது.

ஆக்கியோன் வாழ்ந்த காலத்தை நோக்குதல் இரண்டாம் நெறி. ஏழு மலைமேல் அமர்ந்த மாநகர் எது என்பது அன்றைய வாசகர்க்கு மறைபொருளன்று, அது உரோமாபுரியே. விலங்கின் எண் 666 என்பதும் அத்தகையதே. எபிரேயரிடத்து எழுத்துக்களே எண்களாகவும் வழங்கின. எட்டை 'அ' என்றும் காலை 'வ' என்றும் எழுதும் தமிழ் வழக்கைக் கொண்டு ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஒருவரை இகழ்வதை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று. நேரோன் கேசர் என்னும் பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். ஈற்று னகரத்துக்குரிய ஐம்பதை விடுத்தால் 616 வரும். பழஞ்சுவடிகள் சிலவற்றில் அவ்வெண்ணே காணப்படுதல் இவ்விளக்கத்துக்கு அரணாகின்றது. உரோமரின் அதிகாரிகளும் படைகளும் ஆசியாக் கரைக்குக் கடல் வழியாகவே வந்தனர். உரோமின் வீழ்ச்சிக்கு மாலுமிகள் புலம்புவதாகக் கூறும் அதிகாரத்திலே, கப்பற் சரக்குகளின் பட்டியல் பொன்னிலே தொடங்கி அடிமை மாந்தரிலே முடிகின்றது.

இவற்றோடு பத்முத் தீவையும் நினைத்தல் வேண்டும். யோவானையும் அவர்தம் அன்பரையும் பிரித்து நின்றது கடலே. ஆகவே, கடல் இராது என்பதற்குக் கொடுங்கோன்மை எழும் இடம் இராது, மனிதரை விலைப்பொருளாக்கும் வாணிகம் இராது, உற்றாரைப் பிரிக்கும் இடைவெளி இராது என்பனவே பொருளாகும்.

இந்நெறிகளைக் கைவிட்டோர் அக்குறியீடுகளைத் தம் பகைவர்மேல் எறியும் கல்லாக்கினர். 1522 இல் மார்ட்டின் லூதர் வெளியிட்ட ஜெர்மானியப் புதிய ஏற்பாட்டில், பாபிலோனின் வேசிக்குப் பாப்பரசரின் முடி சூட்டிப் படம் வரையப்பட்டது. பாப்பரசரை எதிர்க்கிறிஸ்து எனக் கருதிய சீர்திருத்தச் சபையினரான ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என அவ்வாண்டே விளம்பரஞ் செய்தனர். பால்தேயுஸ் பாதிரியார் 1672 இல் வெளியிட்ட நூலிலே, ஒல்லாந்தர் வசமான வலிகாமத்துக் கோயிற்பற்றுக்களுள் மயிலிட்டியும் ஒன்றாகக் கூறப்படுகின்றது. 1687 இல் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேற்றினர். ஒடுக்கப்பட்டோர்க்கு ஆறுதலாக எழுந்த நூல், ஆட்சியாளர் கையில் ஒடுக்குதற்குக் கருவியாயிற்று. ஒரு குறியீட்டைக் கையாள்வோர் அரியணையருகே நின்று நோக்குகின்றனரோ, சிறையினின்று நோக்குகின்றனரோ என்று வினாதல் இதனால் இன்றியமையாததாகின்றது.

தமிழ் மரபிலும் கடலுக்கு இரு முகங்கள் உள. நெய்தல் நில மக்களுக்கு அது வாழ்வளிக்கும் அன்னை. கடல்கோளை நினைவோர்க்கு அது நாட்டை விழுங்கிய பகை. பிறவிக் கடலைக் கடக்க வேண்டி நிற்கும் சைவ அடியவர், தம் ஊர்க் கடலை வற்றுவிக்குமாறு வேண்டுவதில்லை. உவமை வேறு, நீர் வேறு என்பதை அவர் அறிவர். யோவானின் நூலைப் படிப்போரும் அவ்வறிவையே துணையாகக் கொள்ளத் தக்கவர்.

மயிலிட்டி மக்களுக்கோ கடல் இல்லாத வாழ்வு வெறும் குறியீடாக அமையவில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போரினால் அவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் பிற கரைகளிலும் இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. வெளியேறிய காலத்திற் சிறுவராயிருந்தோர் தந்தையர் தொழிலைச் சொந்தக் கரையிற் கல்லாமலே வளர்ந்தனர். 2017 யூலை 3 ஆம் நாளிலே துறைமுகமும் 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. ஊரின் வேறு பகுதிகள் அதன் பின்னரும் படையினர் வசம் இருந்தன.

பத்முவில் இருந்த யோவானை அன்பரிடமிருந்து பிரித்தது கடல். மயிலிட்டியாரைக் கடலிடமிருந்து பிரித்தது முட்கம்பி வேலி. யோவான் மயிலிட்டியார் ஒருவராயிருந்து அக்காட்சியை எழுதியிருப்பின், புதிய பூமியிலே வேலி இராது என்று எழுதியிருப்பர். கடலை அங்கே இருக்க விட்டிருப்பர்.