இங்கிலாந்துக் கால்பந்தில் பார்வையாளர் கட்டண உயர்வு

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தை மைதானத்துக்குச் சென்றோ தொலைக்காட்சி வழியாகவோ பார்க்க ஆகும் செலவு, 1990க்குப் பிறகு பொதுவான விலைவாசியைவிடப் பல மடங்கு வேகமாக ஏறியுள்ளது. இதனால் அதிகம் அடிபட்டவர்கள் தொழிலாளர் குடும்பங்கள். இந்த ஆட்டத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி வந்ததும் அவர்கள்தான்.

தோற்றம்

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தனர். கூட்டத்தைக் கையாண்ட காவல்துறையின் தவறே முதன்மைக் காரணம் என்று அதை விசாரித்த நீதிபதி டெய்லர் சொன்னார். 1990இல் வெளிவந்த அவருடைய இறுதி அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருக்கை வந்தால் கட்டணம் தாறுமாறாக ஏற வேண்டியதில்லை என்றும் அவர் கருதினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்பதற்கு 4 பவுண்டு, உட்காருவதற்கு 6 பவுண்டு என்று இருந்ததை எடுத்துக்காட்டாகக் காட்டினார். கழகங்கள் அறிக்கையின் முதல் பாதியை ஏற்று, இரண்டாம் பாதியை மறந்தன.

மறதி தற்செயலானதும் அல்ல. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1991இல் வெளியிட்ட எதிர்காலத் திட்ட ஆவணம், வசதியுள்ள நடுத்தர வர்க்கத்தைக் குறிவைக்குமாறு வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டே முதல் பிரிவுக் கழகங்கள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக்கைத் தொடங்கின. நின்று பார்ப்பவர்களின் கூட்டத்துக்குப் பெயர்பெற்ற லிவர்பூலின் ‘கோப்’ பகுதி 1994இல் இருக்கைகளாக மாறியது. அதே மைதானத்தில் முன்பு நின்றவர்களைவிடக் குறைவானவர்களுக்கே இப்போது இடம் இருந்தது, கேட்பவர்களோ பெருகினர்.

கட்டணம் ஏறும் விதம்

ஒரு சரக்கின் விலை கட்டுப்படியாகாவிட்டால் வாங்குபவர் வேறு கடைக்குப் போவார். ஆனால் எவர்ட்டன் ரசிகர் டிக்கெட் விலை ஏறியது என்பதற்காக அதே நகரின் லிவர்பூல் கழகத்துக்கு மாறுவதில்லை. தாத்தா காலத்திலிருந்து வரும் இந்தப் பற்றுதான் கழகங்களின் விலை நிர்ணயத்துக்கு அடிப்படை. எதிரணி பெரிய அணியானால் ஒரு விலை, சிறிய அணியானால் ஒரு விலை என்று ஆட்டங்களைத் தரம் பிரிப்பது, முதியோர், சிறுவர் சலுகைகளைக் குறைப்பது, சுற்றுலாப் பயணிகளுக்கு விருந்தோடு கூடிய உயர்விலை இருக்கைகளைக் கூட்டுவது ஆகியவை இன்று வழக்கமான முறைகள். 2024-25 பருவத்துக்கு 20 பிரீமியர் லீக் கழகங்களில் 19 கழகங்கள் சீசன் டிக்கெட் விலையை உயர்த்தின. அதே பருவத்தின் நடுவில் மான்செஸ்டர் யுனைடெட், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகள் அனைத்துக்கும் 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தது. அதுவரை 25 பவுண்டுக்கு வந்த சிறுவருக்கும் அதே விலைதான்.

இதில் கவனிக்க வேண்டியது கணக்கு. பிரீமியர் லீக் கழகங்களின் மொத்த வருவாயில் ஆட்ட நாள் வசூல் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே. 2025இல் தொடங்கிய நான்காண்டு உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் மட்டும் 670 கோடி பவுண்டு. வாசலில் வாங்கும் பணம் இல்லாமல் கழகம் நடக்காது என்ற வாதம் கீழ்ப் பிரிவுக் கழகங்களுக்குப் பொருந்தலாம். மேல்மட்டத்தில் அது எடுபடாது. அங்கே வரும் பணத்தின் பெரும்பகுதி வீரர்களின் சம்பளமாகவும் அவர்களை வேறு கழகங்களிலிருந்து வாங்கும் மாற்றுத் தொகையாகவும் போகிறது. ஒரு கழகம் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவையும் கொடுத்தாக வேண்டும் என்பதால், வருவாய் எவ்வளவு கூடினாலும் ரசிகருக்குத் தள்ளுபடியாக அது திரும்புவதில்லை.

எதிர்ப்பு

2013 ஜனவரியில், ஆர்சனல் மைதானத்துக்குச் செல்லும் எதிரணியின் விருந்தாளி ரசிகர்களுக்கு 62 பவுண்டு விலை வைக்கப்பட்டபோது, மான்செஸ்டர் சிட்டி தன் பங்கில் 912 டிக்கெட்டுகளை விற்காமல் திருப்பி அனுப்பியது. வெளியூர் ஆட்டங்களுக்கு 20 பவுண்டு போதும் என்ற இயக்கம் அந்த ஆண்டே தொடங்கியது.

மிகவும் பேசப்பட்ட நிகழ்வு 2016 பிப்ரவரி 6 அன்று நடந்தது. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் புதிதாக எழும்பி வந்த மாடத்தில் 77 பவுண்டு டிக்கெட் அறிவிக்கப்பட்டதைக் கண்டித்து, சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினர். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல் ஆட்டத்தை 2-2 என்று முடித்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றனர். அடுத்த மாதம், விருந்தாளி ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று எல்லா பிரீமியர் லீக் கழகங்களும் உடன்பட்டன. அந்த உச்சவரம்பு இன்றும் நீடிக்கிறது. சொந்த ஊர் ரசிகர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது.

ஆன்ஃபீல்டு வெளிநடப்புக்குச் சில நாள் கழித்து ஜெர்மனியிலும் போராட்டம் நடந்தது: ஸ்டுட்கார்ட் மைதானத்தில் டோர்ட்முண்ட் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினர். ஆனால் அங்கே பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் உள்ளது. நின்று பார்க்கும் பகுதிகளும் ஒழிக்கப்படவில்லை. விலை அங்கே கட்டுக்குள் இருப்பதற்கு இவ்விரண்டும் காரணம்.

வீட்டிலிருந்து பார்ப்பது

மைதானத்துக்குப் போக முடியாதவர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் எளிதாக இல்லை. 1992 முதல் நேரடி ஒளிபரப்பு முழுவதும் ஸ்கை நிறுவனத்திடம் இருந்தது. இந்த ஏகபோகத்தை உடைக்க ஐரோப்பிய ஆணையம் வற்புறுத்தியதால் 2007 முதல் உரிமை பிரித்து விற்கப்பட்டது. போட்டி வந்தால் விலை குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்திடமும் வேறு வேறு ஆட்டங்கள் இருந்ததால், ஒரு சந்தா கட்டியவர் இரண்டு, மூன்று கட்ட நேர்ந்ததே விளைவு. செட்டாண்டா, பிடி, அமேசான், டிஎன்டி என்று பெயர்கள் மாறினவே தவிர நிலை மாறவில்லை.

இதோடு, கீழ்ப் பிரிவுக் கழகங்களின் வசூலைக் காக்க 1960களில் வந்த ஒரு தடையும் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பக் கூடாது. ஆகவே மான்செஸ்டரில் நடக்கும் மூன்று மணி ஆட்டத்தைச் சென்னையில் இருப்பவர் இரவுச் சாப்பாட்டோடு நேரலையில் பார்க்கலாம். மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி டிக்கெட் கிடைக்காமல் இருப்பவர் சட்டப்படி பார்க்க முடியாது.

சட்டம்

2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் இயற்றப்பட்டது; அதன்படி சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று உருவானது. டிக்கெட் விலை குறித்துக் கழகங்கள் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். விலையை முடிவுசெய்யும் அதிகாரம் கழகங்களிடமே இருக்கிறது.