கோட்டு அறை வழியாக ஒரு வீடு

கம்ப்யூட்டருக்குள் பலபேர் கூடிப் பேச ஓர் இடம் கட்ட வேண்டும். வெயில் இல்லை, மழை இல்லை, திருடன் பயம்கூட இல்லை. அப்புறம் சுவரும் கதவும் எதற்கு? நான் பார்த்தவரை இதற்கு நல்ல பதில் லாம்டாமூதான்.

ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்த பாவெல் கர்டிஸ் 1990இல் ஆரம்பித்து, 1991இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, முழுக்க எழுத்து. மனுஷன் கலிஃபோர்னியாவில் தான் குடியிருந்த வீட்டையே அதற்கு வரைபடமாக வைத்துக்கொண்டார். ஹால், சமையலறை, வெளியே வெந்நீர்த் தொட்டி எல்லாம் உண்டு.

புதிதாக வருகிறவர் நேரே ஹாலில் போய் விழமாட்டார். கோட்டு மாட்டும் இருட்டு அறையில்தான் வந்து சேர்வார். ஒரே நெரிசல். கோட்டு, பூட்ஸ், தூங்கும் ஆட்கள் என்று எதிலெதிலோ இடித்துக்கொள்வதாக வர்ணனை ஓடும். (தனக்கென்று அறை வைத்துக்கொள்ளாதவர்கள் இணைப்பைத் துண்டித்தால் அங்கேதான் தூக்கம். சத்திரம்தான், போங்கள்!) தடவினால் ஒரு கதவுப்பிடி. வெளியே போகும்போது, தூங்குபவர்கள் எழுந்துவிடாதபடி கதவைச் சாத்திவிட்டுப் போவதாகவும் வரும்.

விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் இது கட்டடக்காரர்களின் பழைய பாடம். 1977இல் வந்த 'எ பேட்டர்ன் லாங்வேஜ்' புத்தகத்தில் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் கூட்டாளிகளும், தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் மனசு மாற ஓர் இடம் வேண்டும் என்கிறார்கள். நம்மூர் ரேழி செய்த வேலை. யாரும் பார்க்காத இருட்டில் புது ஆள் நாலு கட்டளையைத் தட்டிப் பழகிக்கொள்ளலாம். பேசப் பயமாக இருந்தால் அங்கேயே இருக்கலாம்.

ஹாலில் ஒருவர் பேசினால் அங்கிருக்கும் அத்தனை பேர் திரையிலும் அது வரும். இருபது பேர் சேர்ந்து பேசினால் எழுத்து ஓடுகிற வேகத்தில் ஒன்றும் படிக்க முடியாது. நாலு பேர் பக்கத்து அறைக்கு நழுவுவார்கள், அங்கே பேச்சு தொடரும். சுவர் இங்கே மழைக்கு அல்ல, காதுக்கு.

ஆனால் நடைவழிதான் பிழைக்கவில்லை. ஒரு கட்டளை அடித்தால் நண்பர் இருக்கும் அறையில் நேராகக் குதிக்கலாம் என்றபின் யார் நடப்பார்கள்? போகிற வழியில் தெரியாத ஆளைப் பார்ப்பது என்பதே குறைந்துபோகும். எனக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

2003இல் திறந்த செகண்ட் லைஃபில் இது காசு விஷயமாகவே ஆகிவிட்டது. ஆரம்பத்தில் தாவிப் போனால் டெலிஹப் என்ற நிலையத்தில்தான் இறங்க முடியும், அங்கிருந்து நடக்கவோ பறக்கவோ வேண்டும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருகிற மாதிரி ஹப்பைச் சுற்றிக் கடைகள் முளைத்தன, நில விலை ஏறியது. 2005 டிசம்பரில் எங்கே வேண்டுமானாலும் நேரே இறங்கலாம் என்று மாற்றினார்கள். பயணிகளுக்குக் கொண்டாட்டம். அதிக விலை கொடுத்து ஹப் பக்கத்தில் இடம் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் லிண்டன் லேப் நிறுவனமே அந்த நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று இறங்கி வந்தது.