தருமபுரி மாவட்டச் சாலைகளில் மழைக்காலமும் லாரி எடை வரம்பும்

தருமபுரி மாவட்டத்தில் லாரிகளுக்கான எடை வரம்பு ஆண்டு முழுவதும் ஒன்றே. பருவம் பார்த்து அதைக் குறைக்கும் வழக்கம் பனி உறையும் நாடுகளில் வேரூன்றியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் குளிரில் உறைந்த மண் வசந்தத்தில் மேலிருந்து உருகத் தொடங்கும். அடியில் இன்னும் உறைந்து கிடக்கும் அடுக்கு நீரை வடியவிடாது. தரை வலுவிழக்கும் அந்தச் சில வாரங்களுக்கு அச்சு எடையைக் குறைத்துவிடுகிறார்கள்.

தருமபுரியில் தரையை வலுவிழக்கச் செய்வது மழை. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இம்மாவட்டத்துக்கு உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி, அரூரில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தார் வெடிப்பிலும் தூர்ந்த ஓரக் கால்வாயிலும் இறங்கும் நீர், ஜல்லிக்குக் கீழுள்ள மண்ணைக் குழைத்துவிடுகிறது. இந்தியப் பொறியாளர்களுக்கு இது புதிதல்ல; சாலை வடிவமைப்புக்காக மண்ணின் வலுவைச் சோதிக்கும்போது, மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைத்தே அளக்கிறார்கள்.

எடை கூடினால் சேதம் அதே அளவில் கூடுவதில்லை, அதைவிடப் பல மடங்கு கூடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து பிறந்த விதி இது: சேதம் ஏறத்தாழ அச்சு எடையின் நான்காம் அடுக்குப்படி வளரும்.

இந்திய வரம்பின் வரலாற்றை இந்த விதியோடு வைத்துப் படிக்க வேண்டும். 1996 அறிவிக்கை, நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னும், இரண்டு அச்சு லாரிக்கு மொத்தம் 16.2 டன்னும் அனுமதித்தது. 2018 ஜூலையில் இவை 11.5 டன்னாகவும் 18.5 டன்னாகவும் உயர்ந்தன. பின் அச்சில் கூடிய எடை 13 விழுக்காடுதான். நான்காம் அடுக்குக் கணக்கில் சேதமோ சுமார் 60 விழுக்காடு கூடும். மறுபுறம், 2019 மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம் ஓவர்லோடுக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக்கியது. மிகுதியாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

பருவகால வரம்புக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115-ஆம் பிரிவு, சாலை அல்லது பாலத்தின் தன்மை கருதி வாகனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கைகூடத் தேவையில்லை, உள்ளூரில் தெரிவித்தால் போதும். குறிப்பிட்ட வழித்தடத்துக்கு மட்டும் எடை வரம்பு வைப்பதும் தமிழகத்துக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத் திம்பம் மலைப்பாதையில், வனவிலங்குகளைக் காக்கும் வழக்கில், 16.2 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தடுத்தது.

தருமபுரியில் இத்தகைய வரம்பு முதலில் தேவைப்படுவது கல்குவாரி லாரிகள் ஓடும் கிராமச் சாலைகளுக்கு. பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையின் கனத்த அடுக்குகள் அவற்றுக்குக் கிடையாது. அடைமழை ஓய்ந்து மண் உலரும் வரையிலான சில வாரங்களுக்கு மட்டும் எடையைக் குறைத்தாலே அவற்றின் ஆயுள் நீளும்.